கூட்டமில்லாத மேசையில் கிடைத்த வேலை

பி.எஸ்சி. வேதியியல் முடித்தால் எங்கள் தெருவில் மூன்று வழிதான் சொல்வார்கள். பி.எட். சேரு, பேங்க் எக்ஸாம் எழுது, அதுவும் இல்லையென்றால் கால் சென்டர். அந்த மூன்றில் ஏதோ ஒன்று அமையும் என்றுதான் வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்த வேலைவாய்ப்பு முகாமுக்குப் போனேன். இப்போது கப்பலில் போகும் அபாயகரமான ரசாயனச் சரக்குகளுக்கு ஆவணம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். படித்த மூன்று வருடத்தில் இப்படி ஒரு வேலை இருப்பதாக யாருமே சொன்னதில்லை. நம் ஏரியாப் பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டேன். அரசு வேலைவாய்ப்புத் துறை நடத்தும் இந்த முகாம்களுக்குக் கட்டணம் கிடையாது. தனியாரில் சேர்ந்தால் எம்ப்ளாய்மென்ட் பதிவு போய்விடுமோ என்று அம்மாவுக்குப் பயம். போகாது. முகாம் அறிவிப்பிலேயே அது இருக்கும். அந்த வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் சமாதானமானார். ரெஸ்யூம், மார்க் ஷீட், ஆதார் ஜெராக்ஸ் எல்லாம் முந்தின நாளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலையில் கல்லூரி வாசல் கடையில் நிற்கவே இடமிருக்காது.

உள்ளே பெரிய பேனர் வைத்த ஸ்டால்களில் வரிசை வராண்டா வரை நீண்டிருந்தது. பெரும்பாலும் பி.பி.ஓ., லோன் விற்பனை. ஒரு மேசையில் 'பயிற்சிக் கட்டணம்' கட்டினால் வேலை நிச்சயம் என்றார்கள். வேலை கேட்டு வருகிறவரிடமே பணம் கேட்பது அநியாயம். முகாம் அலுவலரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

வரிசை நகராததால் நானும் தோழிகளும் ஆளில்லாத மேசைகளாகப் பார்த்து உட்கார்ந்தோம். பதவியின் பெயரைக் கேட்டு ஒன்றும் புரியவில்லை. எல்லோருமே ஏதோ ஒரு 'எக்ஸிக்யூட்டிவ்'தான். அதனால், "காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை என்ன செய்யணும் சார்?" என்று கேட்க ஆரம்பித்தோம். அதற்கப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. விலங்கியல் படித்த தோழிக்கு மெடிக்கல் கோடிங் பற்றித் தெரிந்தது. டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடும் வேலை. உடற்கூறியல் தெரிந்தவர்களைத்தான் தேடுகிறார்கள். இயற்பியல் படித்தவளிடம், வெல்டிங்கை உடைக்காமலே உள்ளே விரிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசோனிக், எக்ஸ்ரே வைத்துச் சோதிக்கும் என்.டி.டி. வேலையைப் பற்றிச் சொன்னார்கள். மணலி மாதிரி தொழிற்சாலைப் பகுதி பக்கத்திலேயே இருந்தும் அவள் அதைக் கேள்விப்பட்டதில்லை.

நான் உட்கார்ந்தது ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் மேசையில். அங்கிருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். என் ரெஸ்யூமில் கெமிஸ்ட்ரி என்று பார்த்ததும், "2020ல மணலியில எதுக்கும்மா எல்லாரும் பயந்தாங்க?" என்று கேட்டார். வடசென்னையில் யாருக்கு அது மறக்கும்? பெய்ரூட் துறைமுகம் வெடித்த அந்த ஆகஸ்டில், மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்திலும் சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் இருப்பது தெரியவந்தது. 2015ல் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. 37 கன்டெய்னர்கள். அப்புறம் ஏலம் விட்டு ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். "அது தானா எரியுமா?" என்றார். எரியாது சார், மற்றது எரிய ஆக்சிஜன் கொடுக்கும், ஆக்சிடைசர் என்றேன். "அதான் கிளாஸ் 5.1. யு.என். நம்பர் 1942" என்று ஒரு தாளில் மஞ்சள் டைமண்ட் ஸ்டிக்கரைக் காட்டினார். கிளாஸ் என்பது அபாயத்தின் வகுப்பு, யு.என். நம்பர் என்பது அந்தப் பொருளுக்கு உலகம் முழுக்க வழங்கும் எண்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஜீரோ கேட் பக்கம் நிற்கும் டிரெய்லர்களில் இந்த டைமண்டுகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். சிவப்பு என்றால் தீப்பற்றும் பொருள், பாதி வெள்ளை பாதி கறுப்பு என்றால் அரிக்கும் பொருள். கடல்வழியில் போகும் அபாயச் சரக்குக்கான சர்வதேச ஐ.எம்.டி.ஜி. விதிகளில் மொத்தம் ஒன்பது வகுப்புகள். எதன் பக்கத்தில் எதை வைக்கக்கூடாது என்பதற்குத் தனி அட்டவணையே இருக்கிறது.

அடுத்து ஒரு பெயின்ட் தின்னரின் பாதுகாப்புத் தரவுத் தாளை, அதாவது அந்தப் பொருளின் தன்மையையும் ஆபத்தையும் சொல்லும் தாளை, கையில் கொடுத்தார். பதினாறு பிரிவுகள். ஒன்பதாவதில் ஃபிளாஷ் பாயின்ட் இருந்தது. என்னவென்று விளக்கச் சொன்னார். மூன்றாம் வருடச் செய்முறையில் பென்ஸ்கி மார்ட்டன்ஸ் கருவியில் எண்ணெயைச் சூடாக்கி, மூடியைத் திறந்து சுடரைக் காட்டி, எந்த வெப்பநிலையில் ஆவி சட்டென்று பற்றி அணைகிறது என்று பார்த்திருக்கிறேன். அதை அப்படியே சொன்னேன். அந்த அளவு 60 டிகிரிக்குள் இருந்தால் அந்தத் திரவம் கிளாஸ் 3 என்றார். பரீட்சையோடு முடிந்தது என்று நினைத்த ஒரு கருவியை வைத்து, ஒரு கன்டெய்னர் கப்பலில் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள்! எனக்கு அந்த இடத்திலேயே இந்த வேலை பிடித்துப்போனது.

அன்றே ஆஃபர் கிடைக்கவில்லை. மண்ணடிப் பக்கம் தம்பு செட்டித் தெருவில் இருக்கும் அலுவலகத்துக்கு வரச்சொல்லி ஒரு எழுத்துத் தேர்வு வைத்தார்கள். கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் எக்செல். அதன் பிறகு மேலாளரோடு நேர்முகம். சம்பளம் பி.பி.ஓ.வில் சொன்னதைவிடக் குறைவு. இரவு ஷிப்ட் இல்லை, தண்டையார்பேட்டையிலிருந்து மண்ணடிக்கு மெட்ரோ இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாகப் படித்த படிப்பு பயன்படுகிறது. இந்தக் கணக்கில்தான் சேர்ந்தேன். "துறைமுகம்னா மூட்டை தூக்குறதுன்னு நெனச்சேனே" என்றார் துறைமுகத்தில் லோடிங் வேலை பார்த்த எங்கள் நைனா.

வேலை எளிதில்லை. அனுப்புகிறவர் பெயின்ட்டைச் சாதாரண சரக்கு என்று எழுதிக் கொடுப்பார். நாம் கவனிக்காமல் விட்டால் அது நடுக்கடலில் யாரோ ஒரு மாலுமியின் உயிர். எண்ணூரில் 2023 டிசம்பரில் அம்மோனியா கசிந்த இரவில் சனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்த ஊர் இது. அதனால் ஒவ்வொரு தாளையும் இரண்டு முறை படிக்கிறேன். விதிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறும், கூடவே நாமும் படிக்க வேண்டும். அடுத்து சுங்கத்துறைத் தேர்வெழுதி, சுங்க வேலைகளைப் பார்க்க அனுமதிக்கும் ஜி கார்டு வாங்க வேண்டும்.

வேதியியல் படித்தவர்கள் அடுத்த முகாம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு முழுக்க ஷிப்பிங், கிளியரிங் அலுவலகங்கள்தான். நேரில் போய், 'ஹசார்டஸ் கார்கோ பார்க்க ஆள் வேண்டுமா' என்று கேட்டு பயோடேட்டா கொடுக்கலாம். போவதற்கு முன்னால் ஏதாவது ஒரு ரசாயனத்தின் தரவுத் தாளை இறக்கி, பொருளின் பண்புகளைச் சொல்லும் 9, போக்குவரத்து விவரம் சொல்லும் 14 ஆகிய இரண்டு பிரிவுகளையும் நன்றாகப் படித்துவிட்டுப் போங்கள்.