17 கிலோ ஜெட்டை 600 கிலோமீட்டர் கொண்டுபோன கதை

என்னிடம் இருந்த எல்-39 அல்பட்ரோஸ் மாடலை, அதாவது ரிமோட்டில் நிஜமாகவே பறக்கும் மாதிரி ஜெட் விமானத்தை, நண்பர் ஒருவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் மனசு இளகி, "சரி, எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அது அவரிடம் எப்படிப் போய்ச் சேரும் என்ற யோசனையே இல்லை. அவர் இருப்பது 600 கிலோமீட்டர் தள்ளி.

நிஜ எல்-39 செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த பயிற்சி விமானம். 1968-இல் முதன்முதலாகப் பறந்தது. நீளம் 12.13 மீட்டர், இறக்கை விரிவு 9.46 மீட்டர். என்னுடையது அதில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது மூக்கிலிருந்து வால் வரை 243 செ.மீ., இறக்கை முனையிலிருந்து மறு முனைக்கு 189 செ.மீ. எரிபொருள் ஊற்றாமலே 17 கிலோ. இறக்கைகள் இரண்டும் கழன்றுவிடும், படுக்கைவாட்டு வாலும் கழலும். நிமிர்ந்து நிற்கும் வால் மட்டும் உடலோடு சேர்த்தே வார்த்தது, கழற்ற முடியாது. அதைப் பற்றி அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

முதலில் யோசித்தது கூரியர். பெட்டி எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டேன்: 250 நீளம், 60 அகலம், 80 உயரம், எல்லாம் செ.மீ. மரப்பெட்டியோடு சேர்த்து நிறுத்தாலும் 45 கிலோ தாண்டாது. ஆனால் கூரியர்காரர்கள் தராசை மட்டும் பார்ப்பதில்லை. மூன்று அளவையும் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள், விமானச் சரக்கென்றால் பெரும்பாலும் 6000-ஆல். வருகிற எண்ணும் தராசு காட்டும் எடையும், இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் கட்டணம். என் பெட்டி 12 லட்சம் கன செ.மீ. முதல் கணக்கில் 240 கிலோ, இரண்டாவதில் 200 கிலோ. விமானத்துக்குக் கொடுப்பதைவிட அதைச் சுற்றியிருக்கும் காற்றுக்குக் கொடுப்பது பல மடங்கு.

போதாததற்கு பேட்டரி. தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தின் சரக்கறையில் ஏற்ற 2016 ஏப்ரலிலிருந்து சர்வதேச அளவில் தடை இருக்கிறது. சரக்கு விமானத்தில் போவதானாலும் சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மண்ணெண்ணெய் குடித்த டேங்க் வேறு. எவ்வளவு வடித்தாலும் வாசம் போகாது, அந்த வாசத்தை மோந்து பார்க்கிற அதிகாரிக்கு நான் என்ன விளக்கம் சொல்வது? தரை வழியாக அனுப்பலாம்தான். ஆனால் இரண்டரை மீட்டர் பெட்டியை வழியில் எத்தனை பேர் இறக்கி ஏற்றுவார்கள், எதன் மேல் எதை அடுக்குவார்கள் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. வாடகை வேன் எடுத்து நானே ஓட்டிப் போவது என்று முடிவு செய்தேன்.

வேன் பார்க்கப் போகும் முன் ஒரு காரியம் செய்தேன், இன்றும் அதை நினைத்து என்னை நானே மெச்சிக்கொள்வதுண்டு. 243 செ.மீ. நீளத்துக்கு ஒரு மரச்சட்டம் எடுத்து, அதன் ஒரு முனையில் வாலின் உயரத்துக்கு ஒரு பலகைத் துண்டை நட்டமாக அறைந்தேன். பார்த்தால் கோடாலி போல இருக்கும். இந்தக் கோடாலியோடு போய் வேன் வேனாக உள்ளே நுழைத்துப் பார்த்தேன். முதல் வேனின் தரையை டேப்பால் அளந்தால் 250 செ.மீ. காட்டியது, தாராளம் என்று நினைத்தேன். கோடாலி நுழையவில்லை. காரணம், ஓட்டுநர் இருக்கையின் முதுகு பின்பக்கம் சாய்ந்திருந்தது. தரையில் 250 இருந்தாலும், விமானத்தின் மூக்கு வரும் உயரத்தில் 235 கூட இல்லை. அளவு நாடா தரையில்தான் கிடந்தது, விமானமோ தரையில் கிடக்கப் போவதில்லை. நான்காவது வேன் பொருந்தியது. ஆனால் பின்கதவின் திறப்பு, உள்ளே இருக்கும் உயரத்தைவிடக் குறைவு. வாலுக்கு மேலே ஒரு சாண் இடம்தான் மிஞ்சியது. போதும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது தொட்டில். ஃபைபர் கிளாஸ் உடல் பார்க்க உறுதியாக இருக்கும், ஆனால் அது முட்டை ஓடு மாதிரிதான். பலமெல்லாம் உள்ளே குறுக்கே ஒட்டியிருக்கும் ப்ளைவுட் சட்டங்களில் இருக்கிறது. ஃபார்மர் என்போமே, அவை. எனவே தொட்டிலின் தாங்கிகள் இரண்டும் சரியாக இரண்டு ஃபார்மர்களுக்குக் கீழே வரும்படி செய்தேன். சட்டங்கள் எங்கே இருக்கின்றன என்று விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கண்டுபிடித்தேன். சத்தம் அடங்கி ஒலிக்கும் இடம்தான் சட்டம். தாங்கியின் வளைவை முதலில் அட்டையில் வெட்டி, பொருந்திய பிறகு பலகையில் வெட்டி, மேலே 3 செ.மீ. ஃபோம் ஒட்டினேன்.

சக்கரத்தை இறக்கி வைத்துக் கொண்டுபோவதா, மடக்கி வைத்தா என்பதில் எனக்கும் நண்பருக்கும் போனில் ஒரு சின்ன வாக்குவாதம். இறக்கி வைத்தால் விமானம் தன் காலில் தானே நிற்கும் என்பது அவர் கட்சி. ஆனால் அந்தக் கால்களில் ஸ்பிரிங் இருக்கிறது. ஸ்ட்ராப்பை இறுக்கி இறுக்கிக் கட்டினாலும் ஒவ்வொரு குழியிலும் ஸ்பிரிங் அமுங்க, ஸ்ட்ராப் தளர்ந்துகொண்டே இருக்கும். ஆடுகிற ஆட்டமெல்லாம் கால் பொருத்தியிருக்கும் மரத்துண்டைத்தான் போய்த் தாக்கும். மடக்கித் தொட்டிலில் உட்காரவைப்பதுதான் சரி என்று நின்றேன். அதற்கு ஒரு விலை கொடுத்தேன் என்பது அப்புறம் வரும்.

கட்டுவதில் ஒரே ஒரு விஷயத்தில்தான் நான் கணக்குப் பார்த்தேன். சரக்கு கட்டுபவர்கள் வைத்திருக்கும் விதி: சடன் பிரேக் போட்டால் பொருளின் எடையில் 0.8 மடங்கு விசை அதை முன்னால் தள்ளும், வளைவில் பக்கவாட்டில் 0.5 மடங்கு. இறக்கைகள் இல்லாத உடல், டர்பைனோடு (அதன் குட்டி ஜெட் என்ஜின்) சேர்த்து, 11 கிலோ. அப்படியானால் பிரேக் போடும்போது கிட்டத்தட்ட 9 கிலோ பாரம் முன்பக்கம் பாயும். அது மூக்கில் போய் முட்டினால் மூக்கு அப்பளமாகிவிடும். மூக்குக்கு முன்னால் மெத்தை வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். இந்த விமானத்தில் அந்த பாரத்தைத் தாங்கப் பிறந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: இரண்டு இறக்கைகளையும் தாங்கும் இறக்கைக் குழாய் நுழையும் துளை. பறக்கும்போது மொத்த விமானமும் தொங்குவதே அதில்தானே. இறக்கைக் குழாயை உடலில் குறுக்கே செருகி, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த முனைகளில் ஸ்ட்ராப் போட்டு, முன்னும் பின்னுமாக வேனின் தரை வளையங்களில் கட்டினேன். உடலின் மேல் ஒரு ஸ்ட்ராப்கூட ஓடவில்லை. மூக்குக்கு முன்னால் 5 செ.மீ. சும்மா விட்டிருந்தேன்.

டர்பைனுக்குத் தனி கவனிப்பு. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 1 லட்சத்துக்கும் மேல் சுற்றுகிற சாமான் அது, உள்ளே ஒரு துணுக்கு போனாலும் கதை முடிந்தது. இடைவெளியெல்லாம் தெர்மாகோல் உருண்டை போட்டு நிரப்பிவிடலாம் என்று நண்பர் யோசனை சொன்னார். நான் போனிலேயே அலறிவிட்டேன். அந்த உருண்டைகள் எங்கே ஒட்டிக்கொள்ளும், எப்போது கிளம்பி உள்ளே போகும் என்று யாருக்கும் தெரியாது. காற்று நுழையும் வாய்களையும் பின்னால் புகை வரும் குழாயையும் துணியால் மூடிக் கட்டினேன். திறந்த டிரெய்லரில் கொண்டுபோகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காற்று புகுந்தால் டர்பைன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். அதன் பேரிங்குகளுக்கு எண்ணெய் எரிபொருளோடுதான் வருகிறது. எரிபொருள் ஓடாமல் மணிக்கணக்கில் சுற்றினால் பேரிங் வறண்டு தேயும்.

பேட்டரிகளை செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி, தீ தாங்கும் பையில் போட்டு, என் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டேன். டேங்கை முந்தைய நாளே வடித்து, குழாய் முனைகளை அடைத்தாகிவிட்டது. இறக்கைகளை பபுள் ராப்பில் சுற்றி, உறையில் போட்டு, சுவரோரம் நிறுத்திக் கட்டினேன்.

இவ்வளவும் செய்தது ரோட்டுக்குப் பயந்து. ரோடு ஒன்றும் செய்யவில்லை. நடந்தது எல்லாம் வண்டி நின்றுகொண்டிருக்கும்போதுதான்.

முதல் அடி ஏற்றும்போதே. முன்னால் நான், பின்னால் உதவிக்கு வந்த உறவுக்காரப் பையன். தொட்டில் ஏற்கெனவே வேனுக்குள் இருந்தது. தாங்கியில் இடிக்கக் கூடாதே என்று பையன் வாலை ஒரு முழம் கூடவே தூக்கினான். "டக்" என்று ஒரு சத்தம். வாலின் உச்சி கதவின் மேல் விளிம்பில் இடித்து, நகக்கண் அளவு பெயின்ட் பெயர்ந்தது. கோடாலியை நுழைத்துப் பார்த்தேனே, அதைத் தரையோடு தள்ளித்தான் நுழைத்தேன், தொட்டிலுக்கு மேலாகத் தூக்கி நுழைக்கவில்லை. ஒரு சாண் இடம் அங்கேதான் காணாமல் போனது.

இரண்டாவது, பாதி வழியில். களைப்பாக இருந்ததால் வண்டியை ஓரம் கட்டி ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தேன். நிறுத்தும்போது நிழல் இருந்தது, எழுந்தபோது அந்த நிழல் வேறு எங்கோ போயிருந்தது. பின்னால் வைத்திருந்த தெர்மாமீட்டர் 51 டிகிரி காட்டியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் சாதாரண அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சிகளில் (ஃபைபர் கிளாஸைப் பிடித்து வைத்திருக்கும் பசை) பல 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். கதவுகளை எல்லாம் திறந்து போட்டுவிட்டு, உடலைத் தடவித் தடவிப் பார்த்தேன். எங்கும் நெளிவு இல்லை, தப்பித்தேன் என்று நினைத்துக் கிளம்பினேன். இறக்கையைப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. போய்ச் சேர்ந்து உறையைக் கழற்றினால், பளபளவென்றிருந்த இறக்கை முழுக்க வட்ட வட்டமாக அம்மைத் தழும்பு போல. சூட்டில் பபுள் ராப்பின் குமிழ்கள் பெயின்ட்டில் பதிந்துவிட்டன. முதலில் மெல்லிய பருத்தித் துணி, அதற்கு மேல்தான் பபுள் ராப் என்று சுற்றியிருந்தால் இது வந்திருக்காது. நண்பர் பெருந்தன்மையோடு, "மேகம் மாதிரி இருக்கு, விடுங்க" என்றார். பாலிஷ் போட்டதில் பாதி மறைந்தது. மீதி இன்னும் இருக்கிறது.

மூன்றாவது, இறக்கும்போது. இதற்கு நான்தான் முழுப் பொறுப்பு. அவர் ஆசையோடு ஓடிவந்து, நான் வாய் திறக்கும் முன் வயிற்றுப் பக்கம் கை கொடுத்துத் தூக்கினார். மடக்கி வைத்த சக்கரத்தை மூடியிருக்கும் கதவு அந்த இடத்தில்தான் இருக்கிறது. அட்டைக்கு அண்ணன் மாதிரி மெல்லிசான தகடு, கீல் முறிந்துவிட்டது. சக்கரம் இறங்கியிருந்தால் அந்தக் கதவு தொங்கிக்கொண்டிருக்கும், யாரும் அதில் கை வைக்கமாட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் போன் வாக்குவாதம் இருவருக்கும் ஞாபகம் வந்தது முகத்திலேயே தெரிந்தது. எங்கே பிடிக்கலாம், எங்கே கூடாது என்று உடலில் நாலு இடத்தில் கலர் டேப் ஒட்டியிருந்தால் முடிந்துபோகிற விஷயம். அந்த விமானத்தை ஆறு வருடம் தூக்கித் தூக்கிப் பழகிய கைக்கு, புதுக் கைக்கு இது தெரியாது என்பது தோன்றவே இல்லை.

ரோடு செய்த ஒரே வேலை: ஒரு இறக்கை சர்வோவின் (மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்) திருகு தானாகக் கழன்று உறைக்குள் உருண்டுகொண்டிருந்தது. இது அதிர்வில் வருவது. அதைப் பார்த்த பிறகு எல்லாத் திருகுகளையும் ஒரு சுற்று பார்த்தோம், இன்னும் இரண்டு தளர்ந்திருந்தன.

ஒப்படைப்பதற்கு மறுநாள் முழுக்க ஆனது. அவருடைய டிரான்ஸ்மிட்டர், அதாவது கையில் வைத்து ஓட்டும் ரிமோட், வேறு கம்பெனி, என் செட்டிங்ஸ் ஃபைல் அதில் ஏறாது. ஒவ்வொரு சர்வோவின் நடுநிலை, மேல் எல்லை, கீழ் எல்லை எல்லாம் நான் தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை: சிக்னல் போனால் என்ஜின் அணைய வேண்டும் என்ற ஃபெயில்சேஃப். அது புது ரிசீவரில் தானாக வராது, நாமே வைத்தாக வேண்டும். நல்லவேளை, அவருக்கு அது ஞாபகம் இருந்தது. டர்பைனைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்கும் புது டிரான்ஸ்மிட்டரின் த்ராட்டிலை (என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சி) புதிதாகச் சொல்லிக்கொடுத்தோம். புவியீர்ப்பு மையம் அசையவில்லை என்று இறக்கைக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்துவிட்டு, மாலையில் விமானத்தைக் கட்டிப்போட்டு என்ஜினை ஓட்டினோம். முதல் முயற்சியில் குழாயில் காற்று இருந்ததால் பிடித்து அணைந்தது. இரண்டாவதில் அந்தப் பழைய விசில் சத்தம் எழும்பியது. நண்பர் என்னைப் பார்க்கவே இல்லை, கண்ணெல்லாம் புகைக்குழாயில்.

கிளம்பும்போது தொட்டிலைத் திரும்ப எடுத்துப் போகலாம் என்று வேனில் ஏற்றினேன். அவர் அதை மறுபடி இறக்கி வைத்தார். "இது இங்கேயே இருக்கட்டும். நாளைக்கு நானும் யாருக்காவது கொடுக்க வேண்டி வருமில்ல." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அந்தக் கோடாலியையும் கொடுத்துட்டுப் போங்க" என்றார். கொடுத்தேன், தொட்டில் உயரத்துக்கு அடியில் ஒரு கட்டை சேர்த்து அறைந்துவிட்டு.