கொப்பில் தனித்திருந்த குட்டி

இரவில் மரங்களில் நடமாடும் சிறு விலங்கான தேவாங்கின் கணக்கெடுப்புக்கு உதவியாளனாகச் சேர்ந்த முதல் மாதத்தில், அய்யலூர்ப் பக்கத்துக் காடொன்றில் இரவு பத்து மணியளவில், உசிலை மரக் கிளையைத் தனியாகப் பற்றிக்கொண்டிருந்த குட்டி ஒன்றைக் கண்டேன். வெள்ளை ஒளி அவற்றின் கண்களைக் கூசச் செய்யும் என்பதால் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சுடன்தான் தேடுவோம். அந்த ஒளியில் இரு கண்களும் தணல்போல் தெரிந்தன. அரை மணி நேரம் காத்திருந்தும் தாய் வரவில்லை. நாய் அடித்திருக்கும், இல்லையேல் தாயத்து விற்பவர் யாரேனும் பிடித்துப் போயிருப்பார் என்று நானாகவே முடிவுகட்டி, குட்டியைத் துணிப்பையில் இட்டுக்கொண்டு முகாமுக்குக் கிளம்பினேன்.

வழியில் பட்டிக் காவலுக்குப் படுத்திருந்த ஆட்டுக்காரப் பெரியவர் பையை எட்டிப் பார்த்தார். "தாய்க்காரி இரை தேடப் போயிருக்கும், தம்பி. எடுத்த கொப்புலயே வச்சிட்டு வாங்க" என்றார். அப்படியே செய்து, விளக்கை அணைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். கிழக்கு வெளுக்கும் முன் தாய் வந்தது. குட்டி அதன் வயிற்றில் ஒட்டிக்கொண்டது. தாய்த் தேவாங்கு குட்டியைக் கிளையில் விட்டுவிட்டுப் பூச்சி பிடிக்கப் போகும் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். பதற்றத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

பின்னர் 2022 அக்டோபரில், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தேவாங்குக்கென இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அதுவே. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி தேவாங்கைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். இவை வேண்டியவைதாம். ஆயினும் தேவாங்கு குரங்கைப்போல் தாவாது. முன்கிளையைப் பற்றிய பிறகே பின்கிளையை விடும். கொப்போடு கொப்பு தொடாத இடத்தில் அது தரையிறங்கியாக வேண்டும், அங்கே நாய்களும் வண்டிகளும் உண்டு. காட்டுக்கு வெளியே அதற்குப் பாதையாக இருப்பவை தோட்டங்களைச் சுற்றிக் கிளுவை மரங்களை நட்டு வளர்த்த உயிர்வேலிகள். அவற்றை அழித்துக் கம்பி வேலி போடுவோரை நான் குறைசொல்ல மாட்டேன். உயிர்வேலி இடத்தை அடைக்கும், ஆண்டுதோறும் கழிக்க ஆள்கூலியும் கேட்கும்.

உயிர்வேலியை அழிக்க வேண்டாமென்று நாங்கள் பேசிப் பார்த்தவர்களில் ஒருவர் மட்டும் தெற்கு வேலியை விட்டுவைத்தார், அதுவும் ஆடுகளுக்குத் தழை வேண்டும் என்பதற்காக. மறுமாதக் குறிப்பேட்டில் அந்த வேலிக்கு நேரே மூன்று தேவாங்குகள் என்று எழுதினேன்.