ஐப்பசியிலேயே எடுத்த ஸ்வெட்டர்

வேலூரில் ஸ்வெட்டர் போடும் காலம் என்று கணக்குப் பார்த்தால் மார்கழி முழுதும், தையில் பாதியும்தான். அதுவும் விடியற்காலையிலும் ராத்திரியிலும் மட்டும். அந்த நாற்பத்தைந்து நாளுக்காக நான் வருஷம் முழுக்கக் காத்திருப்பேன். ஆயுத பூஜை முடிந்த மறுநாளே பீரோவின் மேல்தட்டிலிருந்து துணிப்பையை இறக்கி, அந்துருண்டை வாசனை போக மொட்டை மாடிக் கொடியில் ஸ்வெட்டர்களைக் காயப் போட்டுவிடுவேன். கீழ்வீட்டு அக்கா தினமும் பார்த்துவிட்டு, "இப்பவே இன்னாம்மா?" என்று கேட்பார்கள்.

இந்த வருஷம் அந்தப் பொறுமையும் இல்லை. ஐப்பசி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, ஒரு மழை பெய்தால் இரண்டு நாள் புழுக்கம். குளிர் இங்கே வருவதற்குள் நாம் அது இருக்கும் இடத்துக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. தீபாவளிக்குத் தைக்க வந்த ஜாக்கெட்டுகளை எல்லாம் கொடுத்து முடித்த கையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏலகிரிக்குக் கிளம்பினேன்.

அம்மா என்று நான் சொல்வது பெற்றவரை அல்ல. நான் திருநங்கை. பத்தொன்பது வயதில் வீட்டைவிட்டு வந்தபோது என்னை மகளாக எடுத்துக்கொண்டவர், திருநங்கைகள் குடும்பமாகச் சேர்ந்து வாழும் எங்கள் ஜமாத்தில் மூத்தவர். தையல் மெஷின் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். வயது அறுபதை நெருங்குகிறது, முழங்கால் வலி. "மலைக்கா? எனக்கு சொட்டர் கூட இல்லியேடி" என்றார். நான் இரண்டு எடுத்து வைத்தேன். இரண்டாவது எது என்று அப்போது சொல்லவில்லை.

ஸ்வெட்டர் மேல் இவ்வளவு ஆசை ஏன் என்று சொல்ல வேண்டுமானால் வெயிலிலிருந்துதான் தொடங்க வேண்டும். வேலூர் வெயில் தமிழ்நாட்டுக்கே தெரியும். கடற்காற்று எட்டாத தூரம், சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள், மணலாகக் கிடக்கும் பாலாறு. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. அந்த நாட்களில் எனக்கு உடம்பைப் பற்றிய நினைப்பு ஒரு நிமிஷம்கூட விலகாது. ஹார்மோன் சிகிச்சை தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. மார்பு கொஞ்சம்தான் வளர்ந்திருக்கிறது, உள்ளே ஸ்பாஞ்சு வைத்துத்தான் போடுகிறேன். பத்து மணிக்கெல்லாம் ஜாக்கெட் நனைந்து ஒட்டிக்கொண்டால் அந்த ஸ்பாஞ்சின் விளிம்பு கோடாகத் தெரியும். தாடி மறைவதற்காகப் பூசிய பவுண்டேஷன் வியர்வையோடு சேர்ந்து மேலுதட்டில் திட்டுத்திட்டாக நிற்கும். கீழே இறுக்கமாகப் போடும் உள்ளாடையால் தொடையிடுக்கு முழுக்க வேர்க்குரு. எதிரில் பேசுபவரின் பார்வை எங்கே போகிறது என்று பார்த்தபடியேதான் அளவெடுப்பேன், காசு வாங்குவேன், சிரிப்பேன்.

மருந்து விஷயமும் இருக்கிறது. ஆண் ஹார்மோனைக் கட்டுப்படுத்த நான் சாப்பிடும் ஸ்பைரோனோலாக்டோன் அடிப்படையில் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை. வெயிலில் தாகம் எடுக்கும், தண்ணீர் குடித்தால் அடிக்கடி போக வேண்டியிருக்கும். பேருந்து நிலையத்தில் எந்தக் கழிப்பறை வாசலில் நிற்பது என்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. அதனால் மே மாதத்தில் வெளியே போகும் நாளெல்லாம் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு தலைவலியோடு திரும்பியிருக்கிறேன். மருத்துவர் திட்டினார். அவர் சொன்னது சரிதான்.

அப்புறம் லேசர். முகத்து ரோமத்தின் வேரை எரிக்கும் அந்த ஒளியைக் கருப்பு நிறம்தான் உறிஞ்சிக்கொள்கிறது. ரோமமும் கருப்பு, நம் தோலிலும் அதே நிறமி. தவறான அளவு வைத்தால் தோலும் சேர்ந்து வெந்துவிடும். எங்கள் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளத்தில் வேலை செய்யும் என்டி யாக் லேசர் மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. முன்னும் பின்னும் சில வாரங்கள் முகத்தில் வெயில் படக்கூடாது. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு கிளினிக்கில் மே மாதத்தில் போய் உட்கார்ந்தேன், எடுத்துவிட்டு வெயிலில் நடந்தே வந்தேன். தாடையில் வந்த கருந்தழும்பு மறைய எட்டு மாதம் ஆனது. அதிலிருந்து என் லேசர் எல்லாம் ஐப்பசிக்கும் தைக்கும் நடுவில்தான். இதைப் படிக்கும் தங்கைகள் யாராவது இருந்தால், இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் இடுக்கியால் பிடுங்கவும் கூடாது. வேர் இருந்தால்தான் லேசருக்கு வேலை. சவரம் செய்துகொள்ளலாம்.

அம்மாவின் காலத்தில் இடுக்கி மட்டும்தான். இன்றும் மாலையில் வாசற்படியில் உட்கார்ந்து, கண்ணாடிகூட இல்லாமல், விரலால் தடவித் தடவி எடுத்துக்கொண்டிருப்பார்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். சத்துவாச்சாரியிலிருந்து புதிய பேருந்து நிலையத்துக்கு நகரப் பேருந்து. அன்று காலையில் தூறல் இருந்ததால் துணிந்து ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே ஏறிவிட்டேன். கத்தரிப்பூ நிறம், ஹைநெக். போன மார்கழியில் கோட்டைக்கு எதிரே சாரதி மாளிகைப் பக்கம் நடைபாதையில் 450 ரூபாய்க்கு எடுத்தது. சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்திருந்த வங்காளக் குடும்பம் ஒன்று எனக்கு முன்னால் நின்று குரங்குக் குல்லா பேரம் பேசிக்கொண்டிருந்தது. எங்களுக்குக் குளிராத நாளிலும் அவர்கள் குல்லா போட்டிருப்பார்கள், அவர்களைப் பார்த்தாலே எனக்குக் குளிர்காலம் வந்துவிட்ட சந்தோஷம்.

தையல்காரி என்பதால் கடையிலேயே அந்த ஸ்வெட்டரின் தையலைத்தான் முதலில் பார்த்தேன். ராக்லன் கை. தோள்பட்டையில் தையல் இருக்காது, கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக இறங்கும். தோளின் முனை எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஜாக்கெட்டில் கை பொருத்தும் ஆம்ஹோலை நான் என்னதான் குறைத்து வெட்டினாலும் என் தோள் அகலம் அகலம்தான், எலும்பை ஹார்மோன் மாற்றாது. இந்தச் சாய்வுத் தையல் அதைச் செய்துவிடுகிறது. இடுப்பில் இழுத்துப் பிடிக்கும் ரிப் பின்னல் வைத்திருப்பதால் கீழே கொஞ்சம் பூரித்து இடுப்பு வந்த மாதிரி இருக்கும். தொண்டையில் துருத்தும் குருத்தெலும்பு ஹைநெக்குக்குள் போய்விடும். உள்ளே ஸ்பாஞ்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கம்பளியின் கனத்தில் எல்லாம் ஒன்றாகிவிடும். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது நான் பார்த்தது முகத்தை. வெகு நாளைக்கு அப்புறம் முகத்தை மட்டும்.

நடத்துநர் வந்தார். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும் கட்டணமில்லை, எங்களுக்கும் இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்து மகளிர் சீட்டைக் கொடுத்துவிட்டு நகரப் போனார். எனக்கு மூச்சு இலேசாகிவிட்டது. அடுத்து அம்மா, பேருந்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "தம்பி, எனக்கு திருநங்கைன்னே போட்டுக் குடுப்பா" என்றார். நாலு தலை திரும்பியது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இறங்கியதும் கேட்டேன். "ஏம்மா, எதுக்கு வம்பு?"

"வம்பு இன்னாடி இருக்குது? 2008ல திருநங்கை நல வாரியம் வந்தப்போ அட்டைக்கு எத்தினி நாளு அலைஞ்சேன்னு உனக்குத் தெரியுமா? நாம எத்தினி பேரு போறோம்னு அவங்களுக்கு எண்ணிக்கை தெரிய வேணாவா?"

எனக்குப் பதில் இல்லை. அவருக்கு எண்ணப்பட வேண்டும். எனக்கு ஒரு நாளாவது யாரும் என்னை எண்ணாமல் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தன.

திருப்பத்தூர் பேருந்தில் ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் பயணம். பிரியாணி வாசனை, தோல் தொழிற்சாலைகள், வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டம் கூட்டமாக. பொன்னேரியில் இறங்கி மலைப் பேருந்துக்கு மாறினோம்.

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஒவ்வொரு பலகையையும் நான் வாசித்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். கபிலர், ஔவை, பாரி என்று வந்துகொண்டே இருந்தது. பேகன் வந்தபோது கதையையும் சொன்னேன். மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையை எடுத்துப் போர்த்தியவன். "மயிலு போர்வைய இன்னா பண்ணும்?" என்று அம்மா கேட்டார். கொஞ்ச தூரம் போன பிறகு அவரே, "பாக்கச் சொல்ல அவனுக்கு மனசு கேக்கலை போலக்குது" என்றார்.

மலைமேல் இருக்கும் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர். வேலூரைவிடச் சுமார் 900 மீட்டர் உயரம். அவ்வளவு ஏறினால் ஐந்தாறு டிகிரி குறைந்துவிடும். பத்தாவது வளைவு தாண்டியதுமே ஜன்னல் வழியாக வந்த காற்றில் அது தெரிந்தது. காதுமடல் சில்லிட்டது. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

அத்தனாவூரில் முதலில் போன விடுதியில் அறை இல்லை என்றார்கள். வாசலில் அறை உண்டு என்று பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். இரண்டாவது இடத்தில் ஒரு வயதான பெண்மணி ஆதாரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "சுடுதண்ணி காலைல ஆறு மணிக்கு வரும்" என்று சாவியைக் கொடுத்தார்.

சாயங்காலம் கடைத்தெருவில் நடந்தோம். மலைத்தேனும் மிளகாய் பஜ்ஜியும் விற்கிறார்கள். பெங்களூரிலிருந்து வந்த குடும்பங்கள், கல்லூரிப் பிள்ளைகள், எல்லாரும் எதையாவது போர்த்திக்கொண்டிருந்தார்கள். சால்வை, ஜெர்கின், தலையில் துண்டு. ஆம்பிளையும் பொம்பிளையும் ஒரே மாதிரி உருண்டு திரண்ட மூட்டையாக நடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஒரு குழந்தை ஓடிவந்து என் மேல் மோதி, ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதன் அம்மா, "அக்காகிட்ட சாரி சொல்லு" என்றாள். என் குரலைக் கேட்டால் திரும்பிப் பார்ப்பாளோ என்று ஒரு நொடி யோசித்தேன். ஈஸ்ட்ரோஜன் குரலையும் மாற்றாது. ஆனாலும், "பரவால்லம்மா" என்று வாய்விட்டே சொன்னேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள்.

ராத்திரி கைபேசி 19 டிகிரி காட்டியது. கொடைக்கானல்காரர்கள் இதைக் குளிர் என்று சொல்ல மாட்டார்கள். எனக்குப் போதும். வியர்வை இல்லாமல், வேர்க்குரு இல்லாமல், இஷ்டத்துக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கினேன்.

விடிந்ததும் புங்கனூர் ஏரிக்குப் போனோம். படகுத்துறை திறக்கவில்லை. தண்ணீர் மேல் பனி படலமாக நின்றது. அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கை விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து இரண்டாவது ஸ்வெட்டரை எடுத்தேன்.

கருநீலம், முழுக்கை, முன்னால் பட்டன். நான் பிளஸ் டூ படித்தபோது மார்கழி மாதம் காலை ஐந்து மணி டியூஷனுக்குச் சைக்கிளில் போவேன். அதற்காக அப்பா வாங்கிக் கொடுத்தது. வீட்டைவிட்டு வந்தபோது உடம்பில் இருந்தது அது ஒன்றுதான். பிறகு நான் அதைப் போட்டதில்லை. பக்கவாட்டில் பிடித்துத் தைத்துப் பார்த்தேன், பட்டனைப் பிரித்துக் காஜாவை மாற்றலாமா என்றும் பார்த்தேன். தோள்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. தூக்கிப் போடவும் கை வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் மற்றவற்றோடு அதுவும் கொடியில் காய்ந்து திரும்பப் பைக்குள் போகும்.

அம்மா கையை நுழைத்துப் போட்டுக்கொண்டு பட்டனைத் தேடினார். "இன்னாடி, பட்டன் இந்தப் பக்கமா இருக்குது?"

"அது ஜென்ட்ஸ்துமா. நமக்கு இடது பக்கம் வரும்."

"யாரு வாங்கினது?"

"அப்பா."

அம்மா குனிந்து, ஒவ்வொரு பட்டனாக, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் போட்டார். கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "நல்ல கம்பளிடி. பாத்துப் பாத்துத்தான் வாங்கியிருக்காரு" என்றார். நான் ஏரியைப் பார்த்தேன். கரையோரம் டீ போட அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள், அங்கே போய் நின்றோம்.

திரும்பி வரும்போது வாணியம்பாடியிலேயே வெயில் ஏறிவிட்டது. நான் ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைத்தேன். அம்மா கழற்றவில்லை. நெற்றியில் வியர்வை வழிந்தது, சொன்னேன், கேட்கவில்லை. ஆம்பூர் தாண்டிய பிறகுதான் கழற்றி, மடியில் வைத்து நாலாக மடித்து, என்னிடம் கொடுக்காமல் தன் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"மார்கழிக்கு ஆவும்டி" என்றார்.