கழுத்தறுப்பு

சனிக்கிழமை காலை பல்கூடத் தேய்க்காமல் பால்கனிக்குப் போனால், நானே கையால் செய்துகொண்டிருக்கும் கிடாரின் கழுத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. நல்லெண்ணெய். பக்கத்திலேயே கிண்ணம். இன்னும் பத்து நிமிடம் தூங்கியிருந்தால் சீயக்காயும் போட்டிருப்பார் அம்மா.

தப்பு என் மேல்தானாம். "நாளைக்கு இதுக்கு எண்ணெய் பூசணும்" என்று முந்தின ராத்திரி சாப்பிடும்போது நானே சொன்னேனாம். சொன்னேன்தான். ஆனால் நான் சொன்னது ஆளிவிதை எண்ணெய். காற்றுப் பட்டால் அது மெல்ல மெல்ல இறுகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். நல்லெண்ணெய் அப்படி இறுகாமல் பிசுபிசுவென்று கிடந்து எறும்புக்கு வெற்றிலை பாக்கு வைக்கும். இதை விளக்கினால், "முப்பது வருஷமா முறுக்கு அச்சுக்கு இதைத்தான் தடவுறேன், அது என்ன கெட்டா போச்சு?" என்கிறார். கெடவில்லைதான். முறுக்கு அச்சை யாரும் சுருதி சேர்த்து வாசிப்பதுமில்லை.

அந்தக் கட்டையோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மேப்பிள் கழுத்து, மேலே தோதகத்திப் பலகை, அதில் குறுக்கே 22 ஃப்ரெட், அதாவது சுரம் பிரிக்கும் உலோகக் கம்பி. தந்தி நீளம் 25.5 அங்குலம் என்று முடிவு செய்துவிட்டால் முதல் ஃப்ரெட் 1.431 அங்குலத்தில் உட்கார வேண்டும், பன்னிரண்டாவது சரிபாதியில், 12.75-இல். கோடு போடும்போது கை தவறினால் ஆயுசுக்கும் அபஸ்வரம். அப்புறம் உப்புத்தாள். சொரசொரப்பிலிருந்து வழவழப்பு வரை 80, 120, 180, 240, 320 என்று கடையில் நம்பர் ஒப்பித்தேன். ஹார்ட்வேர் கடைக்காரர், "வீடு பூரா கதவு மாத்துறீங்களா சார்?" என்று கேட்டார். எல்லாம் தேய்த்து வழவழவென்று ஆனதும் ஈரத்துணியால் ஒரு தடவை துடைக்க வேண்டும். படுத்திருந்த மரநார் எல்லாம் சிலிர்த்துக்கொண்டு எழுந்து நிற்கும். மறுபடி தேய்க்க வேண்டும். இந்தத் தூளில் ஒரு பங்கு அப்பாவின் காபியில் விழுந்தது. அவர் சிக்கரி என்று நினைத்துக் குடித்துவிட்டார்.

ஃப்ரெட் முனைகள் வேறு. 22-க்கு இரண்டு பக்கமும் சேர்த்து 44 முனை, ஒவ்வொன்றையும் சின்ன அரத்தால் ராவி உருட்ட வேண்டும், இல்லாவிட்டால் விரலைக் கிழிக்கும். சொரசொரப்பு போய்விட்டதா என்று பார்க்கத் தங்கையின் துப்பட்டாவை அதன்மேல் ஓட்டினேன். நாலு இடத்தில் நூல் இழுத்தது. அந்த வழக்கு தனியாக நடந்துகொண்டிருக்கிறது.

ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1950-இல் எலெக்ட்ரிக் கிடாரின் கழுத்தைத் தனியாகச் செய்து, நாலு ஸ்க்ரூ போட்டு உடம்போடு முடுக்கி விற்றார். எவ்வளவு சுலபம் பாருங்கள். அவர் வீட்டில் எங்கள் அம்மா இல்லை.

சரி, தின்னரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். துடைத்தால் துணியில் மஞ்சள், மறுபடி துடைத்தால் மறுபடி மஞ்சள். தலைப்பக்கம் அறுத்த முகம் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. கடைசியில் 120-ஆம் நம்பர் தாளுக்கே திரும்பிப் போனேன். மூன்று வாரம் காலி. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மன்னிப்பு எல்லாம் அவர் அகராதியில் கிடையாது.

"இதுல மெட்டு எல்லாம் எப்படிடா நிக்குது? மெழுகா?" ஃப்ரெட்டைத்தான் கேட்கிறார். வீணையில் அதற்கு மெட்டு என்று பெயர், மெழுகில் பதித்திருக்கும்.

"காடி வெட்டி அடிச்சு இறக்குறது. மெழுகு கிடையாது."

"ஓ. அப்ப உருகாது."

எழுந்து உள்ளே போனார். அலமாரிக்கு மேலே ஏதோ உருளும் சத்தம். பழைய பட்டுப்புடவை சுற்றிய வீணையோடு திரும்பி வந்தார். நான் பத்தாவது படிக்கும்போது கடைசியாகக் கேட்டது. பிரித்துப் பார்த்தால், 24 மெட்டில் ஏழெட்டு சாய்ந்து கிடக்கின்றன, மெழுகு வெடித்துப் பாளம் பாளமாக நிற்கிறது. கட்டைவிரலால் ஒரு மெட்டை நெருடிப் பார்த்துவிட்டு, "மேளம் கட்ட ஆள் கேட்டுக் கேட்டு விட்டுட்டேன்" என்றார். மெழுகில் மெட்டுகளைச் சுருதி பார்த்துப் பதிப்பதற்குத்தான் அந்தப் பெயர்.

இப்போது சாப்பாட்டு மேஜையில் இரண்டு கழுத்துகள் படுத்திருக்கின்றன. அப்பா பால்கனியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். வீணைக்கு என்ன எண்ணெய் என்று நான் அம்மாவிடம் கேட்கவில்லை.