செப்பரேட்டர் பூட்டினேன், இரண்டு தடவை

இன்டர்கூலரைக் கழற்றிப் பழைய பேப்பரின் மேல் கவிழ்த்தேன். கறுப்பு ஒயில் அரைத் தேநீர்க் கோப்பை அளவுக்கு வடிந்தது. டேர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி அது, காற்று மட்டும் போகவேண்டிய இடம். அதனால்தான் வாயுவிலிருந்து ஒயிலைப் பிரிக்கும் செப்பரேட்டர் ஒன்றைப் பூட்ட நினைத்தேன்.

வண்டி 2004 சுபாரு போரெஸ்டர், இரண்டு லீற்றர் டேர்போ. எந்த எஞ்சினிலும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கிராங்க் தண்டு சுழலும் பெட்டியான கிராங்க் கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். சாதாரணமாக ஓடும்போது பிசிவி என்ற ஒருவழி வால்வு வழியாக, எஞ்சினுக்குக் காற்றைப் பகிரும் மெனிஃபோல்ட் அதை உறிஞ்சிவிடும். டேர்போ காற்றை அழுத்தி பூஸ்ட் ஏறினதும் மெனிஃபோல்டில் அழுத்தம் வந்து அந்த வால்வு மூடிக்கொள்ளும். பிறகு வாயு முழுவதும் மற்ற ஹோஸ்கள் வழியாக டேர்போவின் வாய்க்குத்தான் போகும், ஒயில் ஆவியையும் கூட்டிக்கொண்டு. சுபாருவில் எஞ்சின் படுத்துக் கிடப்பதால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. மாத்தளை தாண்டிக் கண்டிக்கு ஏறும் வளைவுகளில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் ஒயில் ஒருபக்க வால்வு மூடிக்குள் ஒதுங்கி, அங்கிருந்து நேரே ஹோஸில் ஏறிவிடும்.

ஒயில் கலந்த காற்று உள்ளே போனால் பெற்றோலின் ஒக்டேன் குறைந்ததுபோல் ஆகி, எரிபொருள் நேரம் தப்பி வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கும். இந்த எஞ்சின் ஜப்பானில் 100 ஒக்டேன் குடித்து வளர்ந்தது. திருகோணமலையில் நான் ஊற்றுவது 95. இதற்கு மேலும் குறைய விடமுடியாது.

ஒயிலைப் பிடித்து வைக்கும் கேட்ச் கேன் மலிவு, ஆனால் அடிக்கடி திறந்து ஊற்றவேண்டும். என் மறதி எனக்குத் தெரியும். செப்பரேட்டர் பிரித்த ஒயிலைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பிவிடும். அதைச் சுற்றி, எஞ்சினைக் குளிர்வித்துச் சூடான கூலன்ட் ஓடுவதால் நீராவி தண்ணீராகி ஒயிலோடு சேராது. குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் அந்தச் சூடு தேவை என்றான் ஒரு கூட்டாளி. ஆனால் வீட்டிலிருந்து உப்புவெளிக்குப் போய்வரும் குறுகிய ஓட்டத்தில் ஒயில் சரியாகச் சூடாவதே இல்லை. மார்கழி மழையில் என் ஒயில் மூடிக்கு அடியில் பால்தேத்தண்ணி நிறத்தில் கூழ் படிந்திருந்ததை அவன் பார்க்கவில்லை.

முதல் சனிக்கிழமை பூட்டி முடித்தேன். கூலன்டுக்குத் திரொட்டில் பொடிக்குப் போகும் சின்ன ஹோஸில் இணைப்பு எடுத்தேன், மெனிஃபோல்டில் பிசிவி இருந்த வாயை அடைத்தேன். கிட்டோடு வந்த ஹோஸ் ஒன்று எட்டவில்லை. கையில் கிடந்த ஹீற்றர் ஹோஸை வெட்டிப் போட்டேன். அங்கேதான் பிழை.

மூன்று கிழமையில் அந்த ஹோஸ் ஊறிப் புடைத்துவிட்டது. நகத்தால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. தண்ணீருக்கான ரப்பர் ஒயிலைத் தாங்காது என்பது புத்தகத்தில் படித்ததுதான், அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை. அதோடு கன்னியாப் பக்கம் போய்வந்த ஒரு நாள் பின்னால் நீலப்புகை.

பழகின மெக்கானிக் பாஸிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பொனட்டைத் திறந்து, ஒயில் திரும்பி இறங்கும் ஹோஸை விரலால் தூக்கிக் காட்டினார். நடுவில் ஊஞ்சல்போல் தொங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, ஒயிலுக்கு இறங்கத்தான் தெரியும், ஏறத் தெரியாது."

தொங்கின இடத்தில் ஒயில் தேங்கி, செப்பரேட்டர் நிரம்பி, மிச்சத்தை டேர்போ உறிஞ்சியிருக்கிறது.

மறு சனிக்கிழமை பிரக்கெட்டில் புது ஓட்டை போட்டு செப்பரேட்டரை ஐந்து சென்ரிமீற்றர் உயர்த்தினேன். வடியும் ஹோஸைக் கட்டையாக வெட்டி, வழி முழுவதும் சரிவாக வரும்படி பிடித்தேன். வாயு போகும் ஹோஸுக்கு ஒயில் தாங்கும் நைற்ரைல் ரப்பர் வாங்கினேன். கூலன்டில் காற்று எடுக்க மறந்து டாஷ்போர்டுக்குள் களகளவென்று சத்தம் கேட்டது தனிக்கதை.

கந்தளாய்க்கு இரண்டு முறை, கண்டிக்கு ஒரு முறை போய்வந்த பிறகு இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி விரல் விட்டுப் பார்த்தேன். லேசான பிசுபிசுப்பு மட்டும், அது முன்பு படிந்த மிச்சமாகவும் இருக்கலாம். வண்டியின் இழுவையில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை, அதை எதிர்பார்த்தும் பூட்டவில்லை. ஆனால் ஒயிலோடு சேர்ந்து அழுக்கும் பெற்றோலும் கொஞ்சம் எஞ்சினுக்கே திரும்புகிறதல்லவா? அதனால் 5000 கிலோமீற்றரில் மாற்றிய ஒயிலை இனி 4000இல் மாற்றப்போகிறேன்.

இடப்பக்கக் கிளிப் ஒன்று மட்டும் இன்னும் வியர்க்கிறது. அடுத்த சனிக்கிழமை பார்க்கவேண்டும்.