ஐம்பது வயதுக் காதுக்கு ஊஃபர் எதற்கு?

கார் செட் மாட்டுவது என் தொழில். சேலம் ஐந்து ரோடு பக்கம் சின்னக் கடை. காலேஜ் பையன்கள் வந்தால், ஊஃபர் (கீழ்ச்சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) போட்டு டிக்கி அதிர்ந்தால் போதும், பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். தலை நரைத்தவர்கள் வந்தால்தான் எனக்கு வேலையே. அவர்களின் பென்டிரைவில் ஈகிள்ஸ், போனி எம், கார்ப்பென்டர்ஸ், டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்று பழைய இங்கிலீஷ் பாட்டுக் குழுக்களின் தனி உலகம். குறை மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்: "பேஸ் பத்தலை தம்பி." பேஸ் என்றால் பாட்டின் கீழ்ச்சத்தம்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் வருவார். சார் என்றால் முறைப்பார், அண்ணே என்றுதான் கூப்பிட வேண்டும். "அடிவாரம் வரைக்கும் நல்லா பாடுதுப்பா. மலை ஏற ஆரம்பிச்சா ஹோட்டல் கலிஃபோர்னியா செத்துப்போகுது" என்றார். அடிவாரத்துக்கு மேலே 20 கொண்டை ஊசி வளைவு, பாதி நேரம் ரெண்டாம் கியர். அந்த உறுமல் முழுக்கக் கீழ்ச்சத்தம். பாட்டின் பேஸும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, என்ஜின் அதை மூடிவிடுகிறது. அங்கே இன்னொரு ஊஃபர் வைத்தால் கதவுத் தகடுதான் கூடச் சேர்ந்து பாடும்.

அவர் வைத்திருந்தது 1976 ஆல்பத்தில் வந்த பாட்டு இல்லை, 1994இல் மேடையில் வாசித்தது. 1980இல் பிரிந்துபோன ஈகிள்ஸ், நரகம் உறைந்தால்தான் மறுபடி சேருவோம் என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, சேர்ந்ததும் ஆல்பத்துக்கு அதையே பெயராக வைத்தார்கள். கார் செட் மாட்டுகிற எல்லாக் கடையிலும் இந்தப் பதிவு இருக்கும். நைலான் கம்பி கிட்டார் முடிந்து அந்தப் பெரிய டிரம் 'தொம்' என்று விழும்போது கஸ்டமர் பர்ஸைத் திறந்துவிடுவார். நானும் அப்படி நிறைய ஊஃபர் விற்றிருக்கிறேன், மறைப்பானேன். ஆனால் அந்தப் பாட்டின் உயிர் கடைசி ரெண்டு நிமிடம்தான்: டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாறி மாறி வாசித்து, பிறகு சேர்ந்து வாசிப்பது. மலையில் அண்ணனுக்குக் கேட்காமல் போனதும் அதுதான்.

வயது ஏற ஏறக் காதில் முதலில் மங்குவது மேல்சத்தம். சிம்பல், கம்பியில் விரல் உரசும் சத்தம், பாடுகிறவர் மூச்சு இழுப்பது எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அது குறைந்தால் 'பாட்டு சப்பென்று இருக்கிறது' என்றுதான் தோன்றும், காரணம் தெரியாது. உடனே பேஸைத் திருகுவார்கள். பேஸ் மட்டும் ஏற்றிய பாட்டு, காய்த் துருவல் போடாத தட்டுவடை செட் மாதிரி, சட்னி மட்டும்தான் தெரியும்.

அண்ணன் காரில் நான் செய்தது கொஞ்சம்தான். காலடியில் கிடந்த ட்வீட்டரை (மேல்சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) கழற்றிக் கண்ணாடி மூலையில், காதைப் பார்த்துத் திருப்பி மாட்டினேன். பேஸை ரெண்டு புள்ளி இறக்கி, ட்ரெபிளை, அதாவது மேல்சத்தத்தை, ஏற்றினேன். பிறகு மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' போட்டேன். அந்தப் பாட்டின் குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலந்து 91 முறை மிக்ஸ் செய்துவிட்டு, கடைசியில் ரெண்டாவது மிக்ஸையே எடுத்துக்கொண்டதாக அதன் இன்ஜினியர் புரூஸ் ஸ்வீடியன் சொல்லியிருக்கிறார். தொடக்கத்தில் வெறும் டிரம்ஸ்தான். அதில் ஹை-ஹாட் (டிரம்ஸில் இருக்கும் ஜோடித் தட்டு) தனியாகத் தெறித்துக் கேட்டால் செட் சரி. அடுத்து அபா குழுவின் 'டான்ஸிங் குயின்'. ரெண்டு பெண்களும் பாடியதன் மேலேயே மறுபடி பாட வைத்து, டேப் வேகத்தைத் துளி மாற்றிப் பதிவது அவர்களுடைய இன்ஜினியர் மைக்கேல் ட்ரெட்டோவின் வழக்கம். அதனால்தான் ரெண்டு குரல் ஒரு கூட்டமாகக் கேட்கிறது. ட்ரெபிள் இல்லாத செட்டில் அந்தக் கூட்டம் கூழாகிவிடும்.

கேரன் கார்ப்பென்டர் குரல் மட்டும் விதிவிலக்கு. அது கீழ்க்குரல், மலைக்கு லாயக்கில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேளுங்கள்.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'மணி ஃபார் நத்திங்' வேறு ரகம். ஆரம்பம் மெதுவாக இருக்கிறதே என்று வால்யூமை ஏற்றுவார்கள். டிரம்ஸ் இறங்கியதும் பதறிக் குறைப்பார்கள், வளைவில் அது ஆபத்து. அந்தப் பாட்டு இருப்பது முழுக்க டிஜிட்டலில் பதிவாகி 1985இல் வந்த ஆல்பம், பத்து லட்சம் சிடி விற்ற முதல் ஆல்பமும் அதுதான். மெதுவான இடமும் பலமான இடமும் அவ்வளவு தள்ளி நிற்கும். பின்னாளில் வந்த ரீமாஸ்டர்கள் (பழைய பதிவைச் சீர்செய்த மறுவெளியீடு) பலவற்றில் எல்லா இடத்தையும் ஒரே சத்தமாக ஏற்றிவைத்திருக்கிறார்கள். பழைய சிடி கிடைத்தால் கொண்டுவாருங்கள், நானே பென்டிரைவில் ஏற்றித் தருகிறேன்.

அண்ணனுக்குத் திருப்தி. கூட வந்த மகன்தான் "காதைக் கிழிக்குதுப்பா" என்று ஜன்னலை இறக்கினான். ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். இப்போது அந்த செட்டில் அப்பாவுக்கு ஒரு செட்டிங், பையனுக்கு ஒரு செட்டிங் சேமித்துவைத்திருக்கிறேன்.

போனி எம்மின் 'ரஸ்புடின்' கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் இந்தப் பேச்செல்லாம் பேசுவதில்லை. மேடையில் ஆடிய பாபி ஃபாரெல் பதிவில் பாடவேயில்லை, அந்த ஆண்குரல் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது என்று சொன்னாலும் அவர்களுக்குக் கவலையில்லை, ஆட வேண்டும். பேசாமல் ஊஃபர் போட்டு அனுப்பிவிடுகிறேன்.