96 தாள், 8 விநாடி, ஒரு பாண்டியாட்டம்

இறுதியாண்டுத் திட்டத்துக்கு அனிமேஷன் செய்கிறேன், வரையப்போவது கையில் கிடைக்கிற எல்லாரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதும்போது சுலபமாகத்தான் இருந்தது.

அத்தை மகள் பாண்டி ஆடுவதை, மொபைலை அசையாமல் ஸ்டாண்டில் நிறுத்திப் படம் பிடித்தேன். அதில் 8 விநாடி மட்டும் எடுத்துக்கொண்டேன். சினிமாவில் விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள். கையால் வரைபவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி, 12 படத்தில் ஒரு விநாடியை ஒப்பேற்றிவிடுவார்கள். அந்தக் கணக்கில் எனக்கு 96 படம். எடுத்த காட்சியின் மேல் வரைவது ரோட்டோஸ்கோப் என்ற பழைய வித்தை. அமெரிக்க அனிமேஷன்காரர் மேக்ஸ் ஃபிளைஷர் 1917-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். பலர் கூடிச் செய்யும் வேலைக்கு இதுதான் தோது. ஏனென்றால் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் “எனக்கு வரைய வராது” என்பதுதான்.

காலேஜ் வாசலில் டீக்கடை வைத்திருக்கும் அக்காவும் அதையே சொன்னார். “கோலம் போடுவேன், கணக்கு எழுதுவேன், இதெல்லாம் வேணாம்மா.” வெறும் தாளைக் காட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் நீட்டிய தாளில் அந்த ஃபிரேம் வெளிர்நீலத்தில் மங்கலாக அச்சாகியிருந்தது. “இது மேல எழுதினா போதும்க்கா” என்றதும் பேனாவை வாங்கிக்கொண்டார். கணக்கு எழுதுகிற அதே அழுத்தத்தில் ஒரு கால் வந்தது. அடுத்த தாளையும் அவரே கேட்டு வாங்கினார்.

வெளிர்நீலம் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஸ்கேன் செய்த படத்தின் நிறத்தைக் கணினி சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்காக (சேனல்) வைத்திருக்கும். அதில் நீலச் சேனலை மட்டும் பார்த்தால் அந்த அச்சு கிட்டத்தட்ட வெள்ளையாகி மறைந்துவிடும், கறுப்புக் கோடு நிற்கும். நீல மையும் வெளுத்துவிடும் என்பதால் கறுப்புப் பேனாக்களை நானே பெட்டியில் கொண்டுபோனேன்.

அடுத்தது, தாள் நகரக் கூடாது. இதற்கென்று விற்கும் பெக் பார், அதாவது தாளின் ஓட்டைகளை மாட்டி அசையாமல் பிடிக்கும் முளை வைத்த பட்டை, வாங்கக் காசில்லை. ஆபீஸ் பஞ்சிங் மெஷின் போடும் இரண்டு ஓட்டைக்கு நடுவே 80 மி.மீ. இடைவெளி, ஓட்டை 6 மி.மீ. அதே அளவில் இரண்டு மரக்குச்சிகளை ஒரு பலகையில் ஒட்டினேன். அச்சடிக்கும் முன்பே எல்லாத் தாளிலும் ஓட்டை, வரையும்போதும் ஸ்கேன் செய்யும்போதும் அதே குச்சி. ஒவ்வொரு தாளின் மூலையிலும் எண். எண் இல்லாத தாள் ஒன்று கீழே விழுந்தால், அது எந்தக் குதியில் வரும் தாள் என்று தேடி மாளாது.

எல்லாரும் தம் இஷ்டத்துக்கு வரைந்தால் படம் கொதிக்கிற உலை மாதிரித் துடிக்கும். எனக்கு அந்தத் துடிப்பு வேண்டும், ஆனால் பிள்ளை தொலைந்துபோகக் கூடாது. அதனால் ஒரே ஒரு விதி வைத்தேன்: பாவாடை சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில். மற்றபடி முகத்தில் மீசை வைத்தாலும் சரி. ஒரு முதலாமாண்டுப் பையன் வைத்தான். அழகாகத் திருத்திவிடலாமா என்று கை பரபரத்தது. திருத்தினால் பிறகு எதற்குப் பிறரை வரையச் சொல்வது? விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் கோத்து ஓடவிட்டபோது சிவப்பு மட்டும் வழுக்கிக்கொண்டு குதித்தது, சுற்றிலும் கோடுகள் அலறின. விதி பலித்தது. இன்னொரு சிக்கல் அப்போதுதான் முளைத்தது. ஒருவர் வரைந்தது விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் திரையில் நிற்கும். “என்னோடது எங்க போச்சு?” என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆகவே கண்காட்சியில் தாள்கள் அனைத்தையும் எண் வரிசையில் சுவரில் ஒட்டி, பக்கத்தில் படத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டேன். அவரவர் தம் தாளைத் தேடி விரல் வைத்துக் காட்டினார்கள். படத்தைவிடச் சுவருக்குத்தான் கூட்டம் அதிகம்.

மதிப்பீட்டுக்கு வந்தவர் கேட்டது: “இதில் உன் வேலை என்ன?” குச்சிப் பலகையையும் சிவப்புப் பேனாவையும் மேசையில் வைத்தேன். அவர் சிரித்துவிட்டு, காலியாக இருந்த ஒரு தாளைக் கேட்டார். மிச்சத் தாள் நாலைந்து எப்போதும் கூடுதலாக அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.